முதலாண்டுக் கணக்குகள்: வாசகர் கேள்வி – பதில்

உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்த கையோடு வடசென்னைக் கல்லூரி மாணவர்களிடமிருந்து நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. பொருளியல், நிரலாக்கம், புள்ளியியல் ஆகிய மூன்று பாடங்களிலும் ஒரே வகையான தடுமாற்றங்கள் பலருக்கும் நேர்ந்திருப்பதால், நான்கு கடிதங்களைத் தேர்ந்தெடுத்து விரிவாகவே பதில் எழுதுகிறேன். தாளும் பேனாவும் எடுத்துவைத்துக்கொண்டு படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என் அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து ராயபுரத்தில் விற்கிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் விலை ஏறுகிறது, வரத்தோ குறைகிறது. விலை ஏறினால் அளிப்பு கூடும் என்று பாடத்தில் இருக்கிறதே, எது சரி? இன்னொன்று: கிலோ 400 ரூபாயிலிருந்து 500 ரூபாய்க்கு ஏறியபோது விற்பனை 60 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தால் தேவை நெகிழ்ச்சி என்ன என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். நான் 1 என்று எழுதினேன். என் தோழி 1.67 என்று எழுதினாள். இருவருக்கும் பாதி மதிப்பெண்தான் கிடைத்தது.
– பி.ஏ. பொருளியல் மாணவி, காசிமேடு

பதில்: பாடமும் சரி, அம்மா கண்ணால் காண்பதும் சரி. விலை ஏறினால் விற்பவர் கொண்டுவரும் அளவு கூடும் என்று அளிப்பு விதி சொல்வது, மற்றவை மாறாதிருக்கும்போது மட்டுமே. அந்த ‘மற்றவை மாறாதிருக்க’ என்ற தொடரை மாணவர்கள் பெரும்பாலும் ஒப்பித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. அந்நாட்களில் சிறு படகுகள் கொண்டுவருவதும் வெளியூரிலிருந்து ஐஸில் வைத்து வருவதும்தான் ஏலத்துக்கு வரும். அதாவது, முதலில் மாறியது விலை அன்று, படகுகளின் எண்ணிக்கை. விலை 400 ஆனாலும் 500 ஆனாலும் முன்பு அந்த விலையில் வந்த அளவு இப்போது வராது என்பதால், ஒவ்வொரு விலையிலும் எவ்வளவு விற்பனைக்கு வரும் என்று காட்டும் அளிப்புக் கோடு முழுவதுமே இடப்பக்கம் நகர்கிறது. விலை ஏற்றம் அந்த நகர்வின் விளைவு. விடைத்தாளில் கோடு நகரும்போது ‘அளிப்பு குறைந்தது’ என்றும், அதே கோட்டின்மேல் புள்ளி இறங்கும்போது ‘அளிக்கப்படும் அளவு குறைந்தது’ என்றும் பிரித்து எழுதுங்கள். திருத்துபவர் முதலில் தேடுவது இந்த வேறுபாட்டைத்தான்.

இனி நெகிழ்ச்சி, அதாவது வாங்கும் அளவு மாறிய சதவீதத்தை விலை மாறிய சதவீதத்தால் வகுத்தால் வருவது. 400-ஐ அடிப்படையாக வைத்தால் விலை 25 சதவீதம் ஏறியது. 60-ஐ அடிப்படையாக வைத்தால் அளவு 25 சதவீதம் குறைந்தது. ஆகவே உங்களுக்கு 1 கிடைத்தது. உங்கள் தோழி 500-இலிருந்து 400-க்கு இறங்குவதாக எடுத்துக்கொண்டிருக்கிறார்: விலையில் 20 சதவீதம், அளவில் 33.3 சதவீதம், விடை 1.67. ஏறும்போது ஒரு விடை, இறங்கும்போது வேறு விடை என்றால் அடிப்படை எண்ணைத் தேர்ந்ததில்தான் சிக்கல் இருக்கிறது. இரண்டு விலைகளின் சராசரியான 450-ஐயும், இரண்டு அளவுகளின் சராசரியான 52.5-ஐயும் அடிப்படையாகக் கொண்டால் அளவு மாற்றம் 28.57 சதவீதம், விலை மாற்றம் 22.22 சதவீதம், நெகிழ்ச்சி ஏறக்குறைய 1.29. எந்தப் பக்கமிருந்து கணக்கிட்டாலும் இதுதான் வரும். இதற்கு நடுப்புள்ளி முறை என்று பெயர். (குறி எதிர்மறை என்பதை ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள்.)

இந்த விடையைச் சரிபார்க்கச் சூத்திரமே வேண்டாம், அம்மாவின் சுருக்குப்பை போதும். முன்பு 400 ரூபாய்க்கு 60 கிலோ விற்றபோது வரவு 24,000 ரூபாய். இப்போது 500 ரூபாய்க்கு 45 கிலோ விற்றால் 22,500 ரூபாய். நெகிழ்ச்சி சரியாக 1 என்றால் வரவு மாறியிருக்கக் கூடாது. 1,500 ரூபாய் குறைந்திருப்பதால் நெகிழ்ச்சி 1-ஐவிட அதிகம் என்று கணக்குப் போடும் முன்பே சொல்லிவிடலாம். தேர்வறையில் இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

உங்கள் இரண்டு கேள்விகளும் ஓரிடத்தில் சேர்கின்றன. அந்த இடத்தை முதலாண்டு வகுப்பில் பெரும்பாலும் தொடுவதில்லை என்பது எனக்கு வருத்தமே. தடைக்காலத்தில் வாங்குபவர்களின் விருப்பம் மாறவில்லை, அளிப்பு மட்டும் நகர்ந்தது என்று கொண்டால்தான், முன்னும் பின்னுமான இரண்டு புள்ளிகளும் ஒரே தேவைக் கோட்டின்மேல் இருக்கின்றன என்று சொல்ல முடியும். புரட்டாசி மாதத்தை எண்ணிப் பாருங்கள். படகுகள் வழக்கம்போலப் போகின்றன, ஆனால் பல வீடுகளில் கவிச்சி சமைப்பதில்லை. விலை 400-இலிருந்து 320-க்கும், விற்பனை 60-இலிருந்து 48 கிலோவுக்கும் இறங்கியதாக வைத்துக்கொள்வோம். இதைத் ‘தேவை நெகிழ்ச்சி’ என்று கணக்கிட்டால் நேர்மறை எண் வரும். அதாவது, விலை குறைந்ததால் மக்கள் குறைவாக வாங்கினார்கள் என்று பொருள்படும். உண்மையில் அங்கே நகர்ந்தது தேவைக் கோடு; அந்த இரண்டு புள்ளிகள் காட்டுவது அளிப்புக் கோட்டை. நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தையை 1990-களில் ஆராய்ந்த கேத்ரின் கிராடி என்ற பொருளியலாளரின் தரவுகளைக் கொண்டு தேவைக் கோட்டைக் கணிக்கும்போது, கடலில் காற்றும் அலையும் மிகுந்திருந்த நாட்களைத்தான் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள். கடல் கொந்தளித்தால் வரத்து குறையும். அதற்காகக் கரையிலிருப்பவர்களின் மீன் ஆசை மாறிவிடாது. நம் தடைக்காலமும் அதே வேலையைச் செய்கிறது.

கேள்வி: ஐந்து நாள் கூலியை வாங்கிச் சராசரி காட்டும் பைத்தான் நிரல் ஒன்று எழுதினேன். ஒரே வரிகளை ஐந்து முறை திரும்பச் செய்யும் ஃபார் லூப்பைத் தொடங்கினேன். அதன் உள்ளே மொத்தத்தை 0 ஆக்கும் வரி, கூலியை வாங்கும் வரி, அதை மொத்தத்தோடு கூட்டும் வரி. லூப்புக்கு வெளியே 5-ஆல் வகுத்து அச்சிடும் வரி. 700, 0, 850, 600, 900 என்று கொடுத்தால் 610 வர வேண்டும், ஆனால் 180 வருகிறது. கணினி எந்தப் பிழையும் காட்டவில்லை. வீட்டில் கணினி இல்லை. கல்லூரி லேபில் கிடைக்கும் நேரத்துக்குள் கண்டுபிடிக்க முடியவில்லை.
– பி.சி.ஏ. மாணவர், வியாசர்பாடி

பதில்: கணினி இல்லாமலேயே இதைக் கண்டுபிடிக்கலாம், சொல்லப்போனால் தாளில் கண்டுபிடிப்பதே நல்லது. முதலில் தவறான விடையையே உற்றுப் பாருங்கள். 180-ஐ 5-ஆல் பெருக்கினால் 900. அது ஐந்தாம் நாள் கூலி மட்டும். முதல் நான்கு நாட்களின் பணம் எங்கோ தொலைந்திருக்கிறது.

ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: சுற்று, கூலி, மொத்தம். முதல் சுற்றில் மொத்தம் 0, கூலி 700, கூட்டினால் மொத்தம் 700. இரண்டாம் சுற்று தொடங்கியதும் உங்கள் நிரலின் முதல் வரி என்ன சொல்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள். நீங்கள் நினைத்ததைச் செய்யாதீர்கள். அந்த வரி ‘மொத்தம் 0’ என்கிறது. ஆகவே 700-ஐ அடித்துவிட்டு 0 எழுத வேண்டும். பேனா அந்த 700-ஐ அடிக்கும் கணத்திலேயே பிழை தெரிந்துவிடும். மொத்தத்தை 0 ஆக்கும் வரியை லூப்புக்கு மேலே கொண்டுபோய்விட்டால் 3,050 கிடைக்கும், வகுத்தால் 610. பைத்தானில் ஒரு வரி லூப்புக்கு உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை, அதன் முன்னால் விடும் இடைவெளியே தீர்மானிக்கிறது. சி மொழியில் அதற்கு அடைப்புக்குறி உண்டு, இங்கே இல்லை. எழுதிய வரி ஒவ்வொன்றும் இலக்கணப்படி சரியாக இருந்ததால்தான் கணினி உங்களுக்கு எச்சரிக்கை தரவில்லை. நீங்கள் எண்ணியது என்ன என்பது அதற்குத் தெரியாது.

லேபுக்குப் போகும்போது இந்தத் தாளை முடித்து எடுத்துக்கொண்டு போனால், அங்கே கிடைக்கும் நேரம் தட்டச்சுக்கும் சோதனைக்கும் மிஞ்சும். இதே தாள் முறை வேறு இரண்டு பிழைகளையும் பிடித்துத் தரும். 1 முதல் 10 வரை கூட்ட ‘ரேஞ்ச்’ என்பதில் 1, 10 என்று கொடுத்தால் அது 9-உடன் நின்றுவிடும், விடை 55-க்குப் பதில் 45 வரும். ‘இன்புட்’ மூலம் வாங்கும் 12-ம் 5-ம் எண்களல்ல, எழுத்துகள். எண்ணாக மாற்றாமல் கூட்டினால் 17-க்குப் பதில் 125 என்று ஒட்டிக்கொண்டு நிற்கும்.

நிரல் சரியான பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இரண்டாம் நாளுக்கு 0 என்று கொடுத்திருக்கிறீர்கள். அன்று வேலை கிடைக்கவில்லை போலும். ‘ஒரு நாளுக்குச் சராசரி வருமானம்’ என்று கேட்டால் 610 சரி. ‘வேலைக்குப் போன நாளுக்குச் சராசரிக் கூலி’ என்று கேட்டால் 4-ஆல் வகுத்து 762.50 என்று வர வேண்டும். வீட்டுச் செலவுக்குத் திட்டமிடுபவருக்கு முதல் எண்ணும், கூலி உயர்வு கேட்பவருக்கு இரண்டாம் எண்ணும் பயன்படும்.

கேள்வி: தீபாவளி நேரத்தில் எம்.சி. ரோடு துணிக்கடை ஒன்றில் மாலை வேலைக்குப் போனால் 400 ரூபாய், டியூஷன் எடுத்தால் 300, அப்பாவின் கடையில் நின்றால் 250 கிடைக்கும். மூன்றையும் விட்டுவிட்டு அந்த மாலையில் படித்தால் வாய்ப்புச் செலவு 950 ரூபாய்தானே?
– பி.காம். மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இல்லை, 400 ரூபாய். ஒரே மாலையில் நீங்கள் மூன்று இடங்களில் இருக்க முடியாது. கைவிட்டவற்றுள் மிகச் சிறந்த ஒன்றின் மதிப்புதான் வாய்ப்புச் செலவு. துணிக்கடைக்குப் போவதன் வாய்ப்புச் செலவு என்ன என்று கேட்டால், படிப்பை நீங்கள் எவ்வளவு மதிக்கிறீர்கள் என்பதும் அந்த ஒப்பீட்டுக்குள் வர வேண்டும். ரூபாயில் எழுதப்படாத ஒன்றும் செலவுதான்.

கேள்வி: ஷேர் ஆட்டோவுக்கு ஐந்து நாட்கள் காத்திருந்த நிமிடங்களைக் குறித்தேன்: 4, 7, 5, 10, 9. திட்ட விலக்கம் கண்டால் கால்குலேட்டரில் ஒரு பொத்தான் 2.28 என்றும் மற்றொன்று 2.55 என்றும் காட்டுகிறது. பத்தாம் வகுப்பில் எண்ணிக்கையால் வகுத்தோம். கல்லூரியில் ஒன்று குறைத்து வகுக்கச் சொல்கிறார்கள். காரணம் கேட்டால் சூத்திரம் அப்படித்தான் என்கிறார்கள்.
– பி.எஸ்சி. மாணவி, திருவொற்றியூர்

பதில்: ‘அப்படித்தான்’ என்ற பதிலோடு நிறைவடையாமல் எழுதியதற்கு நன்றி; இதற்கு அழகான காரணம் இருக்கிறது. முதலில் உங்கள் கணக்கு. சராசரி 7. விலக்கங்கள் −3, 0, −2, 3, 2. அவற்றின் வர்க்கங்களின் கூடுதல் 26. ஐந்தால் வகுத்தால் 5.2, அதன் வர்க்கமூலம் 2.28, நான்கால் வகுத்தால் 6.5, அதன் வர்க்கமூலம் 2.55. இரண்டு பொத்தான்களும் சரியாகவே வேலை செய்கின்றன.

பத்தாம் வகுப்பில் கையிலிருந்த எண்களையே முழுமையாகக் கருதி, அவற்றின் சிதறலை மட்டும் அளந்தோம். இப்போது உங்கள் ஐந்து நாட்கள் ஒரு மாதிரி மட்டுமே; நீங்கள் அறிய விரும்புவது எல்லா நாட்களிலும் காத்திருப்பு எவ்வளவு மாறுகிறது என்பதை. எல்லா நாட்களின் உண்மையான சராசரி உங்களுக்குத் தெரியாது, ஆகவே இந்த ஐந்தின் சராசரியான 7-ஐயே அதன் இடத்தில் வைக்கிறீர்கள். ஆனால் 7 என்பது இந்த ஐந்து எண்களிலிருந்தே பிறந்தது. வேறெந்த எண்ணிலிருந்து விலக்கம் கண்டாலும் வர்க்கங்களின் கூடுதல் 26-ஐவிடக் குறையாது. 8-இலிருந்து கண்டு பாருங்கள், 31 வரும். எனவே ஐந்தால் வகுத்துக் கிடைப்பது சராசரியாக உண்மையைவிடச் சிறியதாகவே இருக்கும்.

எவ்வளவு சிறியது என்பதை நீங்களே கையால் காணலாம். மூன்று துண்டுத் தாள்களில் 2, 4, 6 என்று எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். இதுதான் முழுமைத் தொகுதி. இதன் சராசரி 4, விலக்க வர்க்கச் சராசரி 8/3. இப்போது ஒரு துண்டை எடுத்துக் குறித்துக்கொண்டு, திரும்பப் போட்டுக் குலுக்கி, இன்னொன்றை எடுங்கள். இப்படி இரண்டு எண்கள் கொண்ட மாதிரிகள் மொத்தம் ஒன்பது. 2-2, 4-4, 6-6 ஆகிய மூன்றில் சிதறலே இல்லை, 0. இரண்டும் நான்கும், நான்கும் ஆறும் என வருபவை நான்கு; இரண்டால் வகுத்தால் ஒவ்வொன்றும் 1 தரும். இரண்டும் ஆறும் வருபவை இரண்டு. ஒவ்வொன்றும் 4 தரும். கூடுதல் 12, ஒன்பதால் வகுத்தால் 4/3. உண்மையான 8/3-இல் சரிபாதி! இரண்டுக்குப் பதில் ஒன்றால் வகுத்திருந்தால் ஒவ்வொரு விடையும் இரட்டிக்கும், சராசரி அச்சாக 8/3 ஆகும். வானியலாளர் பெஸலின் பெயரால் இந்தத் திருத்தத்தை அழைக்கிறார்கள்.

இதையே வேறு வகையிலும் சொல்வதுண்டு. சராசரியிலிருந்து காணும் விலக்கங்களின் கூடுதல் எப்போதும் 0 என்பதால், உங்கள் கணக்கில் −3, 0, −2, 3 என்ற நான்கும் தெரிந்தால் ஐந்தாவது 2-தான் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். தனியாகச் செய்தி சொல்பவை நான்குதான். பாடத்தில் ‘டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்’ என்று வருவது இதுவே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்தத் திருத்தம் துல்லியமாகப் பொருந்துவது விலக்க வர்க்கச் சராசரிக்கு, வர்க்கமூலம் எடுத்த பிறகு கிடைக்கும் திட்ட விலக்கத்தில் சிறிதளவு குறைமதிப்பு எஞ்சும்.

தேர்வில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைக் கேள்வியின் சொற்கள் சொல்லும். ‘ஒரு வகுப்பின் 40 மாணவர்கள்’ என்று மட்டும் இருந்து, அந்த வகுப்பைப் பற்றியே கேட்டால் 40-ஆல் வகுங்கள். ‘கல்லூரியிலிருந்து தேர்ந்தெடுத்த 40 மாணவர்கள்’ என்று இருந்து, கல்லூரியைப் பற்றிக் கேட்டால் 39. நாற்பதில் இரண்டு விடைகளுக்கும் இடையே 1.3 சதவீதம்தான் வேறுபாடு. உங்கள் ஐந்து நாள் கணக்கிலோ கிட்டத்தட்ட 12 சதவீதம். ஆகவே உங்கள் விடை 2.55 நிமிடம். அலகை எழுத மறக்காதீர்கள். முடிந்தால் இன்னும் பத்து நாட்கள் குறித்துப் பார்த்து, என்ன வந்தது என்று எழுதுங்கள்.