இரண்டு கணினி, ஒரு கேபிள்: கல்வெட்டுப் படங்களைக் கரைசேர்க்க

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மறைந்த என் கணவர் தாராசுரம், திருபுவனம், பழையாறை என்று ஊர் ஊராகப் போய் எடுத்த கல்வெட்டுப் படங்கள் பழைய மேசைக் கணினியில் இருக்கின்றன. மொத்தம் 180 ஜிபி. அது விண்டோஸ் 7. மகன் வாங்கித் தந்த புதியது விண்டோஸ் 11. 16 ஜிபி பென் டிரைவில் மாற்றத் தொடங்கி அலுத்துவிட்டேன். ஐந்து மீட்டர் லேன் கேபிள் வாங்கி இரண்டையும் இணைத்தேன். விளக்கு எரிகிறது. ஆனால் ‘அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்’ என்று வருகிறது. ஒன்றுக்கு மற்றது தெரியவில்லை. கடைக்காரர் கிராஸ் கேபிள் வேண்டும் என்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் ஃபயர்வாலை அணைக்கச் சொல்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, இருவர் சொல்வதும் வேண்டாம். உங்கள் கேபிள் நன்றாக இருக்கிறது. விளக்கு எரிகிறது என்று எழுதினீர்களே, அதுவே சாட்சி.

கடைக்காரர் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. 2001இல் திருச்சியில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தபோது கிராஸ் கேபிளை, கம்பிகளைப் பிளக்கில் அழுத்திப் பொருத்தி, நானே கிரிம்பிங் செய்வேன். ஒரு முனையில் ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. மறுமுனையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறும். அன்றைய நெட்வொர்க் கார்டுகள் 1, 2ஆம் பின்களில் அனுப்பும். 3, 6ஆம் பின்களில் வாங்கும். நேர் கேபிளில் இரண்டு கணினிகளைக் கோத்தால் இருவரும் ஒரே கம்பியில் பேசுவார்கள், கேட்க ஆளிருக்காது. நொடிக்கு ஆயிரம் மெகாபிட் அனுப்பும் கிகாபிட் கார்டுகள் வந்த பிறகு இந்த மாற்றத்தைக் கார்டே செய்துகொள்கிறது. ஒரு பக்கம் அப்படிப்பட்ட கார்டு இருந்தாலே போதும். உங்கள் புதிய கணினியில் அது இருக்கிறது.

பிறகு ஏன் தெரியவில்லை? வீட்டில் எல்லாச் சாதனங்களுக்கும் முகவரி எண் கொடுப்பது ரவுட்டர். நீங்கள் இணைத்த கேபிளின் நடுவே ரவுட்டர் இல்லை. சற்று நேரம் காத்திருந்துவிட்டு ஒவ்வொரு கணினியும் 169.254 என்று தொடங்கும் எண்ணைத் தானே வைத்துக்கொள்கிறது. அந்த எண்களை வைத்தும் அவை பேசிக்கொள்ள முடியும். ஆனால் முன்பின் தெரியாத நெட்வொர்க் என்பதால் விண்டோஸ் அதைப் பொது இடமாகக் கருதிக் கதவைச் சாத்திவிடுகிறது. பஸ் நிலையத்தில் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வோமே, அப்படி.

முதலில் நிலையான எண் கொடுப்போம். இரண்டு கணினிகளிலும் கன்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டருக்குப் போய், ‘சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ்’ திறந்து, கேபிள் இணைப்பின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ஐபி வெர்ஷன் 4ஐத் தேர்ந்தெடுங்கள். பழையதற்கு 192.168.50.1, புதியதற்கு 192.168.50.2. சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0. கேட்வே கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். அப்போதுதான் புதிய கணினியின் வைஃபை இணையம் தடைபடாது. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 வரிசையைப் பயன்படுத்துகின்றன; அதோடு மோதாமலிருக்கவே 50 என்றேன்.

இப்போது ஃபயர்வால், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல். அதை அணைக்கவே கூடாது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திக்கொண்டது. காவல் இல்லாத வீட்டில் பூட்டையும் கழற்றி எறிவானேன்? பழைய கணினியில் மட்டும், அதே ஷேரிங் சென்டரின் ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’ பகுதியில், பப்ளிக் என்ற தலைப்பின் கீழ் ‘ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்’ என்பதை இயக்குங்கள். கொடுக்கிற கணினியில் ஒரு ஜன்னல் திறந்தால் போதும். வாங்குகிற புதிய கணினியில் எதையும் திறக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் அந்த ஜன்னலையும் மூடிவிடுங்கள். அதுவரை பழைய கணினியை இணையத்தில் சேர்க்காதீர்கள்.

பழைய கணினியில் நுழையக் கடவுச்சொல் இல்லையென்றால் இப்போதே ஒன்று வையுங்கள். கடவுச்சொல் இல்லாத கணக்கில் வெளியிலிருந்து நுழைய விண்டோஸ் அனுமதிக்காது. பலரும் மணிக்கணக்கில் முட்டிக்கொண்டு நிற்பது இந்த இடத்தில்தான். அடுத்து, படங்கள் உள்ள ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’ போய்ப் பகிருங்கள். அனுமதியில் ‘ரீட்’ மட்டுமே டிக் ஆகியிருக்கும். அப்படியே இருக்கட்டும். புதிய கணினியில் கை தவறி எதை அழுத்தினாலும், பழையதில் உள்ள ஒரு படம்கூட அழியாது.

இனி புதிய கணினியில் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடுகள் போட்டு 192.168.50.1 என்று தட்டுங்கள். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பழைய கணினியில் உள்ளவற்றைக் கொடுங்கள். ஃபோல்டர் தெரியும்.

கோப்புகளைப் பகிர்வதற்கான எஸ்எம்பி 1 என்ற பழைய முறையை இயக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாகிரை என்ற நச்சு மென்பொருள் அந்த வழியாகத்தான் பரவியது. அது இல்லாமலே விண்டோஸ் 7 பேசும்.

நேரம் எவ்வளவு ஆகும்? இணைப்பின் ‘ஸ்டேட்டஸ்’ பாருங்கள். 1 ஜிபிபிஎஸ் என்றிருந்தால், பழைய டிஸ்க் ஒத்துழைத்தால், ஒரு மணி நேரத்தை ஒட்டி முடியலாம். 100 எம்பிபிஎஸ் என்றால் நான்கரை மணி நேரமாவது ஆகும். இரண்டும் கிகாபிட் கார்டாக இருந்தும் 100 காட்டினால் கேபிளைச் சந்தேகியுங்கள். 100க்கு நான்கு கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் வேகம் இறங்கிவிடும். மலிவான சில கேபிள்களில் செம்பு பூசிய அலுமினியக் கம்பி இருக்கும். மடக்கி மடக்கி வைத்தால் முறிந்துவிடும்.

இரண்டு கணினிகளிலும் ‘ஸ்லீப்’ அமைப்பை ‘நெவர்’ என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஊர் வாரியாக ஃபோல்டர் ஃபோல்டராக எடுங்கள். தாராசுரம் முடிந்ததும் இரண்டு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுத் திருபுவனம் போங்கள். கோப்பு உருவான தேதி இன்றைய தேதியாக மாறிக் காட்டும், பதற வேண்டாம். கேமராவில் தேதி சரியாக வைத்திருந்தால், படம் எடுத்த நாள் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும், அது மாறாது.

ஒன்றே ஒன்று என்னை உறுத்துகிறது. அந்த டிஸ்க்கின் வயது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புகைப்படக்காரர், டக் டக் என்று சத்தமிடும் டிஸ்க்கிலிருந்து இரண்டு நாள் விடாமல் காப்பி எடுக்க முயன்றுவிட்டு என்னிடம் கொண்டுவந்தார். திருமணப் படங்கள். ஒன்றைக்கூட என்னால் மீட்டுத் தர முடியவில்லை. உங்கள் கணினியில் அப்படிச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்பு செய்பவரிடம் கொடுங்கள். சத்தம் இல்லையென்றால் இந்த வாரமே தொடங்குங்கள். முடிந்ததும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி இன்னொரு பிரதி எடுத்து, மகன் வீட்டில் வையுங்கள். வெயிலிலும் மழையிலும் நின்று அவர் எடுத்த படங்கள். அவற்றுள் சில கல்வெட்டுகள் இன்று சுண்ணாம்புப் பூச்சின் அடியில்கூட இருக்கலாம்.

கேள்வி: இரண்டு முனையிலும் சாதாரண யுஎஸ்பி பிளக் உள்ள கேபிள் கடையில் கிடைக்கிறது. அதை வைத்து இரண்டு லேப்டாப்புகளை இணைக்கலாமா? என் லேப்டாப்பில் லேன் போர்ட் இல்லை.
வாசகர், திண்டுக்கல்

பதில்: கூடாது. இரண்டு பக்கமிருந்தும் 5 வோல்ட் மின்சாரம் வந்து மோதும், போர்ட் பழுதாகலாம். நடுவே சிப் பொருத்திய தரவு மாற்றக் கேபிள் என்று தனியாக உண்டு, அது வேறு. உங்களுக்கு யுஎஸ்பி லேன் அடாப்டரே நல்லது. இன்னொரு லேப்டாப்பிலும் லேன் போர்ட் இல்லையென்றால் இரண்டாக வாங்குங்கள். கிகாபிட் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா என்று பார்த்து, நீல நிற நாக்கு உள்ள யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள். மற்றதெல்லாம் மேலே கும்பகோணம் வாசகிக்குச் சொன்னதுதான்.