முன்னால் ஒரே பல்சக்கரம்: மலையடிவாரத்திலிருந்து வந்த கேள்விகள்

கம்பம், போடி, செங்கோட்டை, களியக்காவிளை எனக் கேரள எல்லையோரத்து வாசகர்கள் இம்முறை கேட்டிருப்பதெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். தார்ச்சாலை, மண்சாலை இரண்டுக்கும் ஒரே சைக்கிள். அதில் முன்னால் ஒற்றைப் பல்சக்கரம்.

கேள்வி: 700×38 டயர் ஏறும் ஸ்டீல் ஃபிரேம் வாங்கிவிட்டேன். வார நாட்களில் தேனி வரை சமதளம். ஞாயிற்றுக்கிழமை குமுளி அல்லது கம்பமெட்டு ஏறி, அந்தப் பக்கத்து ஏலத்தோட்டச் சாலைகளில் ஓட்டுவேன். என் எடை 70 கிலோ; சைக்கிளும் சுமையும் சேர்ந்து 20 கிலோ. முன்னால் 40 பல், பின்னால் 11-42 கேசட் (11 முதல் 42 பல் வரையான பல்சக்கர அடுக்கு) போடச் சொல்கிறார்கள். சரிவருமா? (வாசகர், கம்பம்)

பதில்: தேனி சாலைக்குச் சரிவரும், குமுளி ஏற்றத்துக்கு வராது. ஒற்றைப் பல் போடுகிற பலர் சமதளத்தில் தாங்கள் ஓட்டும் வேகத்தை மனதில் வைத்து முன்பல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மலையடிவாரத்தில் இருப்பவர் தலைகீழாகத் தொடங்க வேண்டும். உங்கள் வழியிலேயே மோசமான ஏற்றத்தை, சுமையோடு, களைத்த காலோடு ஏற எந்தக் கியர் வேண்டும்? அதை முதலில் முடிவு செய்யுங்கள். வேகத்துக்கான மேல்முனையில் மிஞ்சுவதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 38 மி.மீ. டயர் போட்ட சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.18 மீட்டர் உருளும். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்து 2.18-ஆல் பெருக்கினால், பெடலை ஒருமுறை சுற்றினால் சைக்கிள் எவ்வளவு நகரும் என்பது வந்துவிடும். 40-க்கு 42 என்றால் 2.08 மீட்டர். மொத்தம் 90 கிலோ, 8 சதவீதச் சாய்வு, காலில் 150 வாட் என்று வைத்துக்கொண்டால் வேகம் மணிக்கு 7 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அந்த வேகத்தில் 40/42-ல் நிமிடத்துக்கு 55 சுற்றுதான் மிதிக்க முடியும். 38/42-ல் 57 அல்லது 58. 38/48-ல் 66. சாய்வு 12 சதவீதமாகும் இடத்தில் வேகம் 5 கி.மீ.க்குக் கீழே போய்விடும். அங்கே 40/42-ல் 38 சுற்று, 38/48-ல் 46. நாற்பதுக்குக் கீழே விழுந்த மிதி ஒவ்வொன்றும் முழங்கால் மூட்டில்தான் இறங்கும். எழுந்து நின்று மிதிக்கலாமே என்றால், தோட்டச் சாலையின் சரளையில் நின்று மிதித்தால் பின்சக்கரத்தின் மேலுள்ள எடை குறைந்து சக்கரம் வழுக்கும். உட்கார்ந்தபடியே ஏற முடிகிற கியர் மண்சாலைக்கு அவசியம்.

எனவே முன்னால் 38, பின்னால் 48 அல்லது 50 வரை போகும் கேசட் என்பதே எங்கள் பரிந்துரை. 38/11-ல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 40 கி.மீ. கிடைக்கும். தனியாக ஓட்டுபவருக்குத் தேனி சாலையில் அதற்குமேல் தேவைப்படுவது அபூர்வம். மலை இறக்கத்திலோ மிதிக்கிற வேலையே இல்லை, பிரேக்கில்தான் கவனம் இருக்க வேண்டும்.

இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ் 10 வேகக் கேசட்டின் பற்கள் 11, 13, 15, 18, 21, 24, 28, 34, 40, 48. மணிக்கு 25 கி.மீ.யில் நிலையாகப் போகும்போது 15-ல் நிமிடத்துக்கு 75 சுற்று, 18-ல் 90 சுற்று. நடுவில் எதுவும் கிடையாது. ஆடிக்காற்று எதிரே அடிக்கிற நாளில், 80 சுற்றில் சுகமாக ஓட்டிப் பழகியவருக்கு இது உறுத்தும். குழுவாகச் சேர்ந்து வேகமாக ஓட்டுபவரானால் ஒற்றைப் பல்லை விட்டுவிட்டு, முன்னால் 46, 30 என இரட்டைப் பல்சக்கரம் (46/30), பின்னால் 11-34 போடுங்கள். கடைசிக் கியர் 30/34, அதாவது 0.88. அது 40/42-ஐவிட இலகுவானது; மேல்முனையும் கூடுதலாகக் கிடைக்கும், பல் இடைவெளியும் நெருக்கம்.

பாகம் வாங்கும்போது டிரெய்லியர் (செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் கருவி), கேசட், கியர் லீவர் மூன்றையும் ஒரே வரிசையில் வாங்குங்கள். ஷிமானோ ஜி.ஆர்.எக்ஸ். வரிசையின் ஒற்றைப் பல் 11 வேக டிரெய்லியரான ஆர்.எக்ஸ். 812-க்கு அதிகாரபூர்வ எல்லை 42 பல். அட்வென்ட் எக்ஸ் 48 வரை எடுக்கும். ஷிமானோ க்யூஸ் 11 வேகத்தில் 11-50 கேசட் உண்டு. வளைந்த ஹேண்டில்பாருக்கான க்யூஸ் லீவர்கள் 2025-ல் அறிமுகமாயின. ஆனால் க்யூஸின் லிங்க்கிளைடு கேசட்டைப் பழைய வரிசை டிரெய்லியரோடு கலக்கக் கூடாது, பல் இடைவெளி ஒத்துவராது. அட்வென்ட் எக்ஸ், க்யூஸ் கேசட்டுகள் இரண்டும் வழக்கமான எச்.ஜி. வகை ஃப்ரீஹப்பில் (பின்சக்கரத்தில் கேசட் ஏறும் உருளை) ஏறும். ஜி.ஆர்.எக்ஸ். 12 வேகத்தின் 10-51 கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்ளைன் ஃப்ரீஹப் வேண்டும். எனவே சக்கரம் கட்டக் கொடுப்பதற்கு முன்பே கேசட்டை முடிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: என் சைக்கிளில் ஷிமானோ சோரா 9 வேகம், முன்னால் 50/34, பின்னால் 11-32. போடிமெட்டு ஏறும்போது திணறுகிறேன். முன் டிரெய்லியரைக் கழற்றிவிட்டு 38 பல் ஒன்று மட்டும் போட்டால் செலவு குறைவாக முடியுமா? (வாசகி, போடிநாயக்கனூர்)

பதில்: அப்படிச் செய்தால் இன்னும் அதிகமாகத் திணறுவீர்கள். இப்போது உங்கள் கடைசிக் கியர் 34/32, அதாவது 1.06. முன்னால் 38 மட்டும் போட்டால் 38/32 என்று 1.19 ஆகிவிடும். கேசட்டை 11-34 ஆக்கினாலும் 1.12-தான். ஷிமானோவின் பழைய 9 வேக மலைச் சைக்கிள் டிரெய்லியர்களும் சோரா லீவரும் ஒரே அளவுதான் வயரை இழுக்கும் என்பதால், அவற்றில் ஒன்றான அலிவியோ டிரெய்லியரும் 11-36 கேசட்டும் போடலாம். அப்போது 38/36, அதாவது 1.06. பணம் செலவழித்துப் பழைய இடத்துக்கே திரும்பி வந்திருப்பீர்கள். அந்த டிரெய்லியரில், செயின் ஆடாமல் இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச்சும் இல்லை.

உண்மையான மாற்றத்துக்கு லீவர், பின் டிரெய்லியர், கேசட், செயின், முன்பல் ஐந்தும் மாற வேண்டும். 38-ம் 11-48-ம் சேர்ந்தால் 0.79 வரும், வித்தியாசத்தை முதல் கொண்டை ஊசி வளைவிலேயே உணர்வீர்கள். அவ்வளவு செலவு வேண்டாமென்றால் கிராங்கை (பெடல் கையும் முன்பல்லும் சேர்ந்த பகுதி) மட்டும் 46/30 ஆக்கி, கேசட்டை 11-34 ஆக்குங்கள். 0.88 கிடைக்கும், லீவர் அப்படியே இருக்கலாம். வாங்குமுன் இரண்டைப் பாருங்கள்: முன் டிரெய்லியரைச் சிறிய பல்சக்கரத்துக்கு ஏற்றபடி கீழே இறக்க ஃபிரேமில் இடம் இருக்கிறதா, புதிய கிராங்க் உங்கள் பாட்டம் பிராக்கெட்டுக்கு (கிராங்க் அச்சு சுழலும் இடம்) பொருந்துகிறதா. உங்கள் நிலையில் நாங்கள் இந்த இரண்டாவது வழியையே தேர்ந்தெடுப்போம்.

டிரெய்லியரைக் கீழே நகர்த்தும் நீட்டிப்புத் துண்டை வைத்துப் பெரிய கேசட்டைச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பெரிய பல் ஏறும். ஆனால் மேல் ஜாக்கி சக்கரம் (டிரெய்லியரில் செயின் ஓடும் சிறு சக்கரம்) சிறிய பற்களிலிருந்து வெகுதூரம் விலகிவிடுவதால், அங்கே கியர் மாறுவது மந்தமாகிவிடும்.

கேள்வி: ஒற்றைப் பல் கட்டிய புது சைக்கிள். பெரிய பின்பல்லில் இருக்கும்போது பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் செயின் தானாகச் சின்னப் பல்லுக்கு இறங்குகிறது. ஆரியங்காவு பக்கம் குண்டும் குழியுமான இடத்தில் ஒருமுறை செயின் முன்னாலும் கழன்றது. (வாசகர், செங்கோட்டை)

பதில்: முதல் கோளாறுக்குக் காரணம் செயின் கோடு, அதாவது முன்பல்லும் கேசட்டும் ஒரே நேரில் நிற்கும் அளவு. முன்பல் ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து அளவுக்கு மேல் வெளியே நிற்கிறது. முன்னோக்கி மிதிக்கும்போது டிரெய்லியர் செயினைப் பல்லுக்கு நேராகக் கொண்டுவந்து கொடுக்கிறது. பின்னோக்கிச் சுற்றும்போது செயின் முன்பல்லிலிருந்து நேரே மேல்பக்கமாகக் கேசட்டுக்கு வருகிறது. வழிகாட்ட எதுவும் இல்லை. கோணம் அதிகமாக இருந்தால் பக்கத்துச் சிறு பல்லில் விழும்.

அளப்பது எளிது. சீட் குழாயின் விட்டத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். 28.6 மி.மீ. குழாய்க்கு 14.3. குழாயின் பக்கவாட்டிலிருந்து முன்பல்லின் நடுப்பகுதி வரை உள்ள தூரத்தை அதோடு கூட்டுங்கள். 33 வந்தால் மொத்தம் 47.3. பின்னால் 135 மி.மீ. ஹப் என்றால், அதில் பாதியான 67.5-லிருந்து டிராப்அவுட்டின் (சக்கர அச்சு உட்காரும் பிளவு) உட்பக்கத்துக்கும் கேசட்டின் நடுப்பல்லுக்கும் உள்ள தூரத்தைக் கழியுங்கள். முன் அளவு பின் அளவைவிட ஓரிரண்டு மி.மீ. கூடுதலாக இருக்கலாம். ஐந்து மி.மீ. கூடுதல் என்றால் உங்களுக்கு வந்த கோளாறு வரும். மலைச் சைக்கிள் கிராங்கை இந்த வகை ஃபிரேமில் போட்டவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது.

சரிசெய்ய, முன்பல்லைக் கிராங்க் கையின் உட்புறத்துக்கு மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். சதுர முனை அச்சு என்றால் நீளம் குறைந்த அச்சு போடலாம். இருபுறமும் சமமான அச்சில் 113-க்குப் பதில் 110 போட்டால் முன்பல் 1.5 மி.மீ. உள்ளே வரும். 24 மி.மீ. குழல் அச்சில் வலப்பக்கத்து 2.5 மி.மீ. வளையம் ஒன்றை இடப்பக்கம் மாற்றலாம். மொத்த வளையங்களின் எண்ணிக்கை குறையக் கூடாது, குறைந்தால் இடது கிராங்க் சரியாக இறுகாது. எந்த வழியானாலும் முன்பல்லுக்கும் செயின் ஸ்டேவுக்கும் (பெடல் அச்சிலிருந்து பின்சக்கரம் வரை போகும் ஃபிரேம் குழாய்) இடையே 3 மி.மீ.யாவது இருக்க வேண்டும். எழுந்து நின்று மிதிக்கும்போது ஃபிரேம் நெளியும்.

முன்னால் கழன்றதற்கு முதல் சந்தேகம் கிளட்ச். பின்சக்கரத்தைக் கழற்றும்போது அதை அணைத்திருப்பார்கள், மாட்டிய பிறகு மறந்திருப்பார்கள். டிரெய்லியரில் உள்ள கிளட்ச் லீவரின் நிலையைப் பாருங்கள். அடுத்தது முன்பல்லில் செயின் உட்கார்ந்திருக்கும் விதம். ஒற்றைப் பல்சக்கரத்தில் தடித்த பல்லும் மெல்லிய பல்லும் மாறி மாறி வரும். தடித்த பல் செயினின் வெளித்தகட்டு இடைவெளியிலும் மெல்லியது உள்தகட்டு இடைவெளியிலும் உட்கார வேண்டும். ஒரு கண்ணி தள்ளி மாட்டினால் செயின் பல்லின் மேல் ஏறி நிற்கும், சிறு குலுக்கலில் விழுந்துவிடும். பல் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருப்பதும் இதனால்தான். இரண்டும் சரியென்றால் செயின் நீளத்தைப் பாருங்கள்.

கேள்வி: அந்த நீளத்தை எப்படிக் கணக்கிடுவது? 38 பல், 11-46 கேசட், செயின் ஸ்டே 43 செ.மீ. (வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்)

பதில்: அங்குலத்தில் செயின் ஸ்டே நீளத்தை இரண்டால் பெருக்கி, முன்பல்லில் கால்பங்கு, பெரிய பின்பல்லில் கால்பங்கு, இன்னும் ஒன்று கூட்டுங்கள். 33.9, 9.5, 11.5, 1 சேர்ந்து 55.9, அதாவது 56 அங்குலம், 112 கண்ணி. கடையில் கிடைக்கும் 116 கண்ணிச் செயின் போதும். வெட்டுமுன் டிரெய்லியர் வழியாக விடாமல் முன்பல்லையும் 46 பல்லையும் சுற்றி நேரடியாகப் போட்டுச் சரிபாருங்கள். கூடுதலாக எத்தனை கண்ணி விட வேண்டும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், பெட்டியில் உள்ள தாளில் இருக்கும். பிறகு பி-திருகைத் திருப்பி, மேல் ஜாக்கி சக்கரத்துக்கும் 46 பல்லுக்கும் இடையே 5 முதல் 6 மி.மீ. வையுங்கள். இடைவெளி குறைந்தால் கடகடவென்று உரசும், கூடினால் கியர் தயங்கும்.

கேள்வி: மழையிலும் செம்மண்ணிலும் ஓட்டுகிறேன். முன்பல் சீக்கிரம் தேயுமா? (வாசகர், களியக்காவிளை)

பதில்: தேயும். இரண்டு பல்சக்கரம் பகிர்ந்துகொள்ளும் வேலையை ஒன்றே செய்கிறது. செம்மண் சேறு எண்ணெயோடு கலந்தால் உப்புத்தாள் மாதிரிதான். நனைந்து வந்த அன்றே செயினைக் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே நிற்பதைத் துணியால் எடுத்துவிடுங்கள்.

செயினை அளக்க ஸ்டீல் அடிக்கோல் போதும். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 304.8 மி.மீ. 11, 12 வேகச் செயின் 306.3 மி.மீ.யைத் தொட்டதும் மாற்றுங்கள். 8 முதல் 10 வேகம் வரை 307 மி.மீ. தாங்கும். அதற்குமேல் ஓட்டினால் முன்பல் கொக்கிபோல் வளைந்து, புதுச் செயின் போட்டாலும் ஒட்டிக்கொண்டு மேலே இழுக்கத் தொடங்கும். அப்போது முன்பல்லையும் கேசட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.