பழைய ஒமேகாவுக்குப் புது மெருகு வேண்டுமா? – வாட்ச் கேள்வி பதில்

கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. ஸ்மார்ட் வாட்ச், பேட்டரி வாட்ச் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கணும், என் மேசைக்கு வருவது சாவி கொடுக்கிற வாட்சும் ஆட்டோமேட்டிக்கும்தான்.

திருமங்கலத்திலிருந்து: ரோலக்ஸ் வாங்கி 9 வருஷம் ஆச்சு. நேரம் சரியாகத்தான் காட்டுது. சர்வீஸ் அவசியமா?

ரோலக்ஸ் சுமார் 10 வருஷத்துக்கு ஒருமுறை என்கிறது, ஒமேகா 5 முதல் 8 வருஷம் என்கிறது. நேரம் சரியாகக் காட்டுவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வாட்ச் மணிக்கு 28,800 துடிப்பு என்றால், ஒரு நாளைக்கு 6 லட்சத்து 91 ஆயிரத்து 200. அத்தனை முறையும், முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் சக்கரத்தின் மயிரிழை முனை ஒரு செயற்கை மாணிக்கக் கல்லுக்குள் ஆடுகிறது. எண்ணெய் காய்ந்தால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, எஃகு முனைதான் தேயும். தேய்மானம் முள்ளில் தெரிய வருஷக்கணக்கு ஆகும். துடிப்பைக் கேட்டு அளக்கிற டைம்கிராஃபர் கருவியில் வைத்தால் உடனே தெரியும். முழுச்சாவி கொடுத்து டயல் மேலே பார்க்க வைத்தால் பேலன்ஸ் 270 முதல் 300 டிகிரி வரை வீசணும். 200-க்குக் கீழே போனால் தள்ளிப் போடாதீர்கள். சோதித்துவிட்டு, தேவையில்லை என்றால் தேவையில்லை என்றே சொல்லி அனுப்புவேன்.

செல்லூரிலிருந்து: திடீரென்று நாளைக்குப் பத்து நிமிஷம் வேகமாக ஓடுது.

காந்தம் ஏறியிருக்கும். பேலன்ஸை ஆட்டுகிற மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இப்படித்தான் ஓடும். போன் ஸ்பீக்கர், காந்தப் பூட்டு வைத்த கைப்பை பக்கத்தில் வைத்தீர்களா என்று யோசியுங்கள். காந்தம் எடுக்கிற கருவியில் சில நொடி வேலை. பின்மூடியைத் திறக்காதீர்கள்.

மேலூரிலிருந்து: அழகர் ஆற்றில் இறங்கிய அன்று தண்ணீர் பீய்ச்சியதில் நனைந்து, கண்ணாடிக்குள் ஆவி. 30 மீட்டர் என்று போட்டிருக்கே?

30 மீட்டர் என்பது புது வாஷரோடு, அசையாத தண்ணீரில் பார்க்கிற 3 பார் அழுத்தம். பீய்ச்சி அடிக்கிற தண்ணீருக்கும், வருஷக்கணக்கில் வியர்வை ஊறிய வாஷருக்கும் அந்தக் கணக்கு செல்லாது. அரிசி டப்பாவில் போடாதீர்கள், மாவுத் தூசுதான் சேரும். வெயிலில் வைக்காதீர்கள், சாவி கொடுக்காதீர்கள், உடனே கொண்டுவாருங்கள். துரு காத்திருக்காது. பின்மூடியைத் திறக்காதீர்கள்.

சிம்மக்கல்லிலிருந்து: தாத்தா 1960-களில் வாங்கிய ஒமேகா. டயல் பழுப்பேறிப் புள்ளி விழுந்திருக்கு. டயலுக்குப் பெயிண்ட் அடித்து, கேஸையும் பளபளவென்று ஆக்கித் தருவீர்களா?

இயந்திரத்தைப் பிரித்துக் கழுவி எண்ணெய் போட்டுத் தருகிறேன். டயலுக்குப் பெயிண்ட் அடிக்க மாட்டேன். மறுபெயிண்ட் அடித்த டயலை லென்ஸில் பாருங்கள். எழுத்துகள் தடித்து ஓரம் கசிந்திருக்கும், நிமிஷக் கோடு மணிக் குறிக்கு நேரே வராது, 6-க்குக் கீழே இருக்கவேண்டிய 'சுவிஸ் மேட்' தள்ளி நிற்கும், இல்லையென்றால் காணாமலே போயிருக்கும். ஈரப் பஞ்சால் நீங்களே துடைக்கவும் வேண்டாம், ஒரே இழுப்பில் ஒமேகா என்ற பேரே போய்விடலாம். முள்ளில் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் சுரண்டவே கூடாது. 60-களின் தொடக்கம் வரை ரேடியம் பூசினார்கள். ஒளி செத்திருக்கும், கதிர்வீச்சு சாகாது. அதன் அரை ஆயுள் 1,600 வருஷம்.

தெற்கு ஆவணி மூல வீதியிலிருந்து: நான் நகைத் தொழில். பழைய அட்டிகைக்கு மெருகு போட்டால் மதிப்புக் குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை. வாட்சுக்கு மட்டும் என்ன தீட்டு?

அண்ணே, அட்டிகைக்கு எடைக்கு விலை. மெருகில் போகிற தங்கம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். வாட்சுக்கு விளிம்புக்கு விலை. ஸ்ட்ராப் மாட்டுகிற லக்கைப் பாருங்கள். மேல்முகம் கோடு கோடாக, பக்கமுகம் கண்ணாடியாக, இரண்டுக்கும் நடுவே கத்தி மாதிரி ஒரு விளிம்பு. மெருகு போடச் சுழலுகிற பஃப் சக்கரம் பட்டால் அது சோப்புக்கட்டி ஓரமாகிவிடும். போன உலோகத்தை லேசர் வெல்டிங்கில் வைத்துத் திரும்பச் செதுக்குகிற பட்டறைகள் உண்டு, கூலி கேட்டால் நீங்களே வேண்டாம் என்பீர்கள். தங்க முலாம் கேஸ் என்றால் பஃப்பில் முலாம் போய் உள்ளே இருக்கிற உலோகம் இளிக்கும்.

மறுபடி அவரே: பஃப் பிடிக்கத் தெரியாதவனைச் சொல்லுங்கள். எங்கள் ஆசாரி விளிம்பு குலையாமல் போடுவார்.

போடுவார், ஒத்துக்கொள்கிறேன். சக்கரத்தில் பிடிக்காமல் தட்டைப் பலகையில் முகம் முகமாகத் தேய்த்தால் விளிம்பு நிற்கும். என் சண்டை ஆசாரியோடு இல்லை, பழக்கத்தோடு. ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு மெருகு என்றால் நாலாவது தடவை லக் ஒல்லியாகி, பின்மூடி எண் மங்கிவிடும். அப்புறம், இயந்திரம், கண்ணாடி, சாவி எல்லாம் கழற்றிய வெறும் கேஸைத்தான் அவர் கையில் கொடுக்கணும். சாவிக் குழாய்க்குள் சிவப்பு மெருகுப் பசை கட்டிப்போய், சாவி திரும்பாமல் வந்த வாட்சுகளைக் குண்டூசியால் நோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வில்லாபுரத்திலிருந்து: விற்கப்போவதே இல்லை. கல்யாணத்துக்குக் கட்டிப் போக அசிங்கமாக இருக்கு. சேகரிக்கிறவர்கள் ஆசைக்கு நாங்கள் ஏன் கறையோடு கட்டணும்?

நியாயமான கேள்வி. உங்கள் வாட்ச், உங்கள் கை. கேஸ் தடிமனாக இருந்தால் ஒருமுறை மெருகு போட்டுக்கொள்ளுங்கள், கோடு இருந்த இடத்தில் கோடு திரும்ப வரணும், அவ்வளவுதான். டயல் விஷயத்தில் இறங்கி வர மாட்டேன், ஆனால் வழி இருக்கு. பொருந்துகிற வேறு டயல் கிடைத்தால் மாட்டிக் கட்டுங்கள், பழையதைக் காகிதத்தில் மடித்து பீரோவில் வையுங்கள். பேரன் கேட்டால் எடுத்துக் கொடுக்கலாம். சிம்மக்கல்காரருக்கும் இதே பதில்.

உசிலம்பட்டியிலிருந்து: இணையத்தில் எச்.எம்.டி. பைலட், புத்தம் புதுசு, மஞ்சள் டயல். வாங்கலாமா?

எச்.எம்.டி.யின் வாட்ச் பிரிவை மூட அரசு 2016-ல் ஒப்புதல் கொடுத்தது. பழைய இயந்திரத்தில் புதுசாக அச்சடித்த டயலை மாட்டி விற்பது பெரிய வியாபாரம். இயந்திரப் படமும் போடச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

இரவில் தேதி மாற்றலாமா? (பலர்)

9 மணியிலிருந்து விடிகாலை 3 வரை வேண்டாம், பல்சக்கரம் பிடித்திருக்கும். முள்ளை 6-க்குக் கொண்டுபோய்விட்டு மாற்றுங்கள்.

படம் அனுப்பியிருக்கேன், ஒரிஜினலா? (இன்னும் பலர்)

வெளிப்படம் பார்த்துச் சொல்ல மாட்டேன். உள்ளே பார்க்கணும் என்று நீங்கள் பேனாக்கத்தியால் திறந்துவிடாதீர்கள்.

சர்வீஸ் எவ்வளவு ஆகும்?

வாட்சைப் பார்க்காமல் தொகை சொல்வதில்லை. கூரியரில் அனுப்பாதீர்கள், நேரில் வாருங்கள். ஞாயிறு கடை இல்லை.