வாசகர் கேள்விகள்: பால்கன் வரலாற்றை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

சென்ற இதழில், தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் தீபகற்பத்தில் இருந்த யுகோஸ்லாவியா சிதறியதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மேற்கொண்டு எதைப் படிக்கலாம் என்றே கேட்டிருந்ததால், இந்த மாதப் பக்கங்களை அக்கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் வரலாற்றில் முதுகலை படிக்கிறேன். பால்கன் வரலாறு என்று எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் சில பக்கங்களுக்குள் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் குழம்பிவிடுகின்றன. முதலில் எதைப் படிக்க வேண்டும்?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: முழுத் தீபகற்பத்தையும் ஒரே மூச்சில் படித்துவிட நினைப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. ஒரே ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, அங்கே நானூறு ஆண்டுகளில் யார் யார் வந்தார்கள், யார் ஆண்டார்கள், யார் துரத்தப்பட்டார்கள் என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு பொது வரலாற்றுக்குப் போங்கள். கிழக்கு போஸ்னியாவில், த்ரினா ஆற்றங்கரையில் இருக்கும் விஷெகிராட் என்ற சிற்றூரைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

அந்த ஊருக்கு நுழைவாயில் ஒரு நாவல்: ஈவோ ஆந்திரிச்சின் ‘த்ரினா ஆற்றுப் பாலம்’. ஜெர்மானியர் பிடியிலிருந்த பெல்கிரேடில், ஆக்கிரமிப்பு நீடிக்கும்வரை எதையும் பதிப்பிப்பதில்லை என்ற உறுதியோடு எழுதிவைத்திருந்து, 1945-இல் அவர் வெளியிட்ட நூல் அது. பாலத்தைக் கட்டுவித்தவர் உதுமானியப் பேரரசின் தலைமை அமைச்சர் மெஹ்மத் பாஷா சோக்கோலோவிச். அதே வட்டாரத்தில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே சுல்தானின் பணிக்கென்று கொண்டுபோகப்பட்டு, இஸ்லாமியராக்கப்பட்டு, சுல்தானுக்கு அடுத்த இடம்வரை உயர்ந்தவர். 1571 முதல் 1577 வரை கட்டப்பட்ட, பதினொரு வளைவுகள் கொண்ட அந்தப் பாலத்தைக் கட்டடக் கலைஞர் சினான் வடிவமைத்தார். கட்டுமானம் தொடங்கிய நாள் முதல் 1914-இல் பாலத்தின் ஒரு பகுதி தகர்க்கப்படும்வரை அதன்மீது நடந்தவைதான் கதை.

நாவலின் முதல் அத்தியாயத்தில் ஓர் இடம் வரும். ஆற்றங்கரைப் பாறைகளில் இரண்டிரண்டாக வட்டக் குழிகள் இருக்கின்றன. அவை தங்கள் காவிய வீரன் மார்க்கோவின் குதிரைக் குளம்படிகள் என்று செர்பியச் சிறுவர்கள் நம்புகிறார்கள். அலியா ஜெர்செலெஸ் என்ற வீரனின் சிறகுள்ள குதிரை பதித்தவை என்று முஸ்லிம் சிறுவர்கள் நம்புகிறார்கள். அவரவர் நம்பிக்கை அவரவருக்கு அவ்வளவு உறுதியாக இருப்பதால் அதற்காக அவர்கள் சண்டை போட்டுக்கொள்வதுகூட இல்லை. தேசிய அடையாளம் ஒரு குழந்தையின் மனத்தில் எப்படிக் குடியேறுகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாக வேறு எவரும் எழுதி நான் படித்ததில்லை.

ஆந்திரிச் யாருக்குச் சொந்தம் என்பதிலும் இதே வழக்குதான். கத்தோலிக்கக் குரோவாசியப் பெற்றோருக்குப் பிறந்து, விஷெகிராடில் அத்தை வீட்டில் வளர்ந்து, யுகோஸ்லாவியத் தூதராகப் பணியாற்றி, பெல்கிரேடில் வாழ்ந்து, 1961-இல் நோபல் பரிசு பெற்ற அவரை இன்று மூன்று நாடுகள் தங்களவர் என்கின்றன. போஸ்னிய முஸ்லிம் வாசகர்களில் ஒரு சாரார், அவர் முஸ்லிம்களைச் சித்திரித்த விதம் பகைக்கு எண்ணெய் ஊற்றியது என்று கடுமையாகக் குறை சொல்கிறார்கள். அந்தக் குறையையும் மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

அடுத்து, சாஷா ஸ்தானிஷிச். 1978-இல் விஷெகிராடில் செர்பியத் தந்தைக்கும் போஸ்னிய முஸ்லிம் தாய்க்கும் பிறந்து, 1992-இல் போஸ்னியப் போர் மூண்டபோது குடும்பத்தோடு ஜெர்மனிக்குத் தப்பியவர். ஜெர்மன் மொழியில் எழுதுகிறார். 2006-இல் வந்த அவருடைய முதல் நாவலும், 2019-இல் ஜெர்மன் புத்தகப் பரிசு பெற்ற ‘பூர்வீகம்’ நூலும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. 1992-இல் அந்தப் பாலத்தின்மேல் முஸ்லிம்கள் போஸ்னியச் செர்பியப் படையினரால் கொல்லப்பட்டு ஆற்றில் வீசப்பட்டனர். போருக்கு முன் ஊரில் பாதிக்கும் மேற்பட்டவர்களாக இருந்தவர்கள் அநேகமாக முழுமையாகத் துடைத்தெறியப்பட்டனர். ஹேக் நகரின் சர்வதேசத் தீர்ப்பாயத்தில் இது சாட்சிகளோடு பதிவாகியிருக்கிறது.

நான் அங்கே போயிருந்தபோது, பாலத்தின் நடுவில் நாவலில் வரும் அதே கல் இருக்கையில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். ஆந்திரிச்சைப் படித்துவிட்டு வந்திருக்கிறேன் என்றதும், கதையில் வரும் இடங்களையெல்லாம் விரல் நீட்டி ஆர்வத்தோடு காட்டினார். 1992-ஐப் பற்றிக் கேட்டபோது பேச்சை மறுபடியும் நாவலுக்கே திருப்பிவிட்டார். ஊர் முஸ்லிம் மயானத்து நினைவுக்கல்லில் இருந்த ‘இனப்படுகொலை’ என்ற சொல்லை 2014 ஜனவரியில் அதிகாரிகள் காவலர் துணையோடு வந்து ராவி எடுத்தார்கள். அதே ஆண்டு ஜூனில், ஆந்திரிச்சின் பெயரில் கல்லால் எழுப்பப்பட்ட புதிய சிறு நகரம் ஒன்று பாலத்துக்குப் பக்கத்திலேயே திறக்கப்பட்டது. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு மார்க் மசோவரின் ‘பால்கன்: ஒரு சுருக்கமான வரலாறு’ என்ற மெல்லிய நூலை எடுங்கள். அப்போது பெயர்கள் குழம்பாது.

கேள்வி: பால்கன் மக்கள் பல நூற்றாண்டுகளாகவே ஒருவரையொருவர் வெறுத்துவந்தவர்கள், போர் தவிர்க்க முடியாதது என்று எங்கள் காலத்தில் நாளிதழ்களில் படித்தோம். அது சரிதானா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. அந்தக் காலத்தில் இக்கருத்தைப் பரப்பியதில் ராபர்ட் காப்லான் 1993-இல் வெளியிட்ட பயண நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைப் படித்த பிறகுதான் அதிபர் கிளின்டன் போஸ்னியாவில் தலையிடத் தயங்கினார் என்று அப்போது செய்திகள் வந்தன; தாம் தலையீட்டை ஆதரித்தவரே என்று காப்லான் பின்னர் எழுதினார். நூலாசிரியரின் நோக்கம் எதுவாயினும், ‘ஆதிகாலப் பகை’ என்ற விளக்கம் கொலை செய்தவர்களுக்குத்தான் வசதியாக இருந்தது. எல்லாரும் குற்றவாளிகள் என்றால் எவரும் குற்றவாளி இல்லை அல்லவா? பல்கேரிய வரலாற்றாசிரியர் மரியா தொதொரோவாவின் ‘பால்கனைக் கற்பனை செய்தல்’ (1997), மேற்கு ஐரோப்பா தன் அழுக்கையெல்லாம் கொட்டிவைக்கும் இடமாக இந்த நிலப்பகுதியை எப்படி ஆக்கிக்கொண்டது என்பதை ஆதாரத்தோடு காட்டுகிறது. கடினமான நூல், பொறுமையாகப் படியுங்கள்.

உதுமானியர் ஆட்சியில் மக்கள் மதத்தின்படிதான் பிரிக்கப்பட்டிருந்தனர். ‘நான் கிரேக்கன்’, ‘நான் பல்கேரியன்’ என்ற உணர்வைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிக்கூடங்களும் திருச்சபைகளும் அச்சகங்களும்தான் கிராமம் கிராமமாகக் கொண்டுசேர்த்தன. அந்த வேலை முடிவதற்குள்ளேயே எல்லைகள் வரையப்பட்டுவிட்டன. 1923-இல் லோசானில் கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தைப் பாருங்கள். யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்று தீர்மானிக்க அவர்கள் கையிலெடுத்த அளவுகோல் மதம். அதனால் துருக்கி மொழி மட்டுமே பேசிய, நடுத் துருக்கியின் கப்படோசியா கிறித்தவர்கள் கிரீஸுக்கும், கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டார்கள். சுமார் 12 லட்சம் கிறித்தவர்களும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களும் இதில் அடங்குவர். கிறித்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே போரில் ஊரைவிட்டு ஓடி வந்தவர்கள். புரூஸ் கிளார்க்கின் ‘இருமுறை அந்நியர்’ என்ற நூலில், இரு கரைகளிலும் அப்போது உயிரோடிருந்த முதியவர்கள் தாங்கள் விட்டுவந்த அயலாரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆதிகாலப் பகை என்று சொல்பவர்கள் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும்.

இதோடு மசோவர் கிரீஸின் தெசலோனிகி நகரைப் பற்றி எழுதிய பெரிய நூலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினிலிருந்து வந்த யூதர்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்த நகரம் அது. 1943-இல் 40,000-க்கும் அதிகமான யூதர்கள் அங்கிருந்து நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுடைய பழைய இடுகாட்டின்மேல்தான் இன்றைய பல்கலைக்கழக வளாகம் நிற்கிறது.

கேள்வி: ரெபெக்கா வெஸ்டின் பெரிய பயண நூலைப் படிக்கலாமா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: படிக்கலாம், ஆனால் கடைசியாக. யுகோஸ்லாவியாவில் செய்த பயணத்தைப் பற்றி 1941-இல் வெளியான, ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்த நூலின் உரைநடை அபாரமானது. செர்பியர்கள்மேல் அவருக்கிருந்த சாய்வும் வெளிப்படையானது.

கேள்வி: 1389 கொசோவோ போரைப் பற்றி நடுநிலையான நூல் எது?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒரே நூலில் நடுநிலையைத் தேடாதீர்கள். நோயல் மால்கமின் ‘கொசோவோ: ஒரு சுருக்கமான வரலாறு’ (1998), டிம் ஜூடாவின் ‘செர்பியர்கள்’ ஆகிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அந்தப் போரில் செர்பிய இளவரசர் லாசரும் இறந்தார், சுல்தான் முராதும் இறந்தார். போர் நடந்த ஜூன் 28-க்குப் பிற்காலம் ஏற்றிய சுமைதான் கவனிக்க வேண்டியது: 1989-இல் அதே நாளில், அதே களத்தில், செர்பியத் தலைவர் மிலோஷெவிச் பெருங்கூட்டத்தின் முன் பேசினார். அல்பேனிய எழுத்தாளர் இஸ்மாயில் கதாரேயின் ‘கொசோவோவுக்கு ஓர் இரங்கற்பா’ மிகச் சிறிய நூல். சேர்ந்து தோற்று, சேர்ந்தே ஓடிவந்த செர்பியப் பாணனும் அல்பேனியப் பாணனும் விருந்தில் பாடச் சொன்னால், ஒருவர்மேல் ஒருவர் பாடிய பழைய பகைப் பாட்டையே பாடுகிறார்கள். வேறு பாட்டு அவர்களுக்குத் தெரியாது. என்னை உலுக்கிய பக்கங்கள் அவை.

கேள்வி: அன்னை தெரசா அல்பேனியரா, மாசிடோனியரா?
— இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: அவர் அல்பேனியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், தம்மை அல்பேனிய வழிவந்தவர் என்றும் இந்தியக் குடிமகள் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். 1910-இல் அவர் பிறந்தபோது, இன்று வட மாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யே உதுமானிய நகரம். 1912-இல் அது செர்பியாவிடம் போனது, முதல் உலகப் போரில் பல்கேரியாவிடம் போனது, 1918-இல் பின்னாளில் யுகோஸ்லாவியா எனப்பட்ட அரசில் சேர்ந்தது. பத்து வயது நிறைவதற்குள், வீடு மாறாமலே, அந்தச் சிறுமி நான்கு அரசுகளின் கீழ் வாழ்ந்திருக்கிறார். இன்று அல்பேனியாவின் டிரானா விமான நிலையத்துக்கும் கொசோவோவின் பிரிஸ்டினா பேராலயத்துக்கும் அவர் பெயர், ஸ்கோப்யேயில் நினைவில்லம். அந்த வட்டாரத்தின் கலந்த வாழ்வை அறிய காப்கா கசபோவாவின் ‘ஏரியை நோக்கி’ என்ற நூலைப் படியுங்கள். ஓஹ்ரித் ஏரிக்கரையில் தம் பாட்டியின் ஊரைத் தேடிப் போகிறார்.

கேள்வி: அங்கே பயணம் செய்தபோது, அடையாளம் என்பது அன்றாடத்தில் எப்படி இருக்கிறது என்று உங்களுக்குப் புரியவைத்தது எது?
— வாசகர், சேலம்

பதில்: பணத்தாள்கள். போஸ்னியத் தலைநகர் சராயெவோவில் ஒரு பழைய புத்தகக் கடையில், மீதிச் சில்லறையாக எனக்கு இரண்டு 10 மார்க் தாள்கள் கிடைத்தன. அளவும் மதிப்பும் ஒன்று, முகங்கள் வேறு. ஒன்றில் மாக் திஸ்தார், மற்றொன்றில் அலெக்ஸா ஷாந்திச். நான் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்ட கடைக்காரர், போரை முடித்துவைத்த 1995 டேட்டன் உடன்படிக்கை நாட்டை இரண்டு உட்பகுதிகளாகப் பிரித்ததையும், பகுதிக்கொரு வரிசையாகத் தாள்கள் அச்சிடப்படுவதையும், இரண்டும் நாடெங்கும் செல்லும் என்பதையும் விளக்கினார். அரசர்களோ தளபதிகளோ இல்லை. எல்லாத் தாள்களிலும் எழுத்தாளர்கள்தான். 200 மார்க் தாளில் மட்டும் இரு பகுதிக்கும் ஒரே முகம், ஆந்திரிச். இப்போது புழக்கத்தில் இல்லாத 5 மார்க் தாளிலும் அப்படியே, மேஷா செலிமோவிச் ஒருவரே இருந்தார். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, தம்மைச் செர்பிய இலக்கியத்தைச் சேர்ந்தவர் என்று அறிவித்துக்கொண்டவர். ஷாந்திச்சோ மோஸ்தார் நகரத்துச் செர்பியர். முஸ்லிம் பெண்ணொருத்தியைப் பற்றி அவர் எழுதிய ‘எமினா’வை இன்றும் போஸ்னியா முழுவதும் பாடுகிறார்கள். இலக்கியத்தில் இவ்வளவு கலந்து கிடப்பவர்களைச் சட்டம் பிரித்துத்தான் வைத்திருக்கிறது: அரசியலமைப்பின்படி நாட்டின் மூவர் அதிபர் குழுவில் ஒரு போஸ்னிய முஸ்லிம், ஒரு குரோவாசியர், ஒரு செர்பியர் மட்டுமே இடம்பெறலாம். ரோமா இனத்தவரான தெர்வோ செய்திச்சும் யூதரான யாகோப் ஃபின்சியும் இதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய் 2009-இல் வென்றார்கள். பல ஆண்டுகள் கடந்தும் அந்த விதி திருத்தப்படாமல் கிடப்பது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

அந்தத் தாள்களில் இருப்பவர்களில் இருவரையாவது படியுங்கள். செலிமோவிச்சின் ‘மரணமும் தர்வேஷும்’ (1966), தம்முடைய சகோதரரைப் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பார்ட்டிசான்களே (கம்யூனிஸ்ட் கெரில்லாப் படையினரே) சுட்டுக்கொன்ற துயரத்திலிருந்து பிறந்த நாவல். அதே ஆண்டு வெளிவந்த திஸ்தாரின் ‘கல்லுறக்கம்’, போஸ்னியாவின் இடைக்காலக் கல்லறைக் கற்களைப் பேசவைக்கும் கவிதைகள். பிரான்சிஸ் ஜோன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தேடிப் பாருங்கள்.