ஆய்விதழ் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: மகள் கடல் உயிரியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறாள். வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் தயாரித்துக் கொடுக்கும் சென்னை கம்பெனியில் காப்பி எடிட்டராகக் கூப்பிடுகிறார்கள். அனுப்பலாமா?
– வாசகி, மண்டபம்

பதில்: தாராளமாக அனுப்பலாம், அம்மா. ஆனால் இது ஆராய்ச்சி வேலை இல்லை என்பது மகளுக்குத் தெரிந்திருக்கட்டும். கட்டுரையை ஏற்பதா வேண்டாமா என்று ஆய்விதழ் முடிவு செய்த பிறகே அது இவள் கைக்கு வரும். மொழியைத் திருத்தலாம், அட்டவணையும் கட்டுரையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம், சந்தேகத்தை எழுதியவரிடமே கேட்கலாம். கருத்தில் கைவைக்க முடியாது.

படித்த படிப்பு வீண்போகாது. கோப்பு மாறும்போது எழுத்துரு கெட்டு, மைக்ரோகிராமின் ‘மியூ’ வெறும் ‘எம்’ ஆகிவிடும்; மில்லிகிராம் என்றாகி அளவு 1,000 மடங்கு கூடிப்போகும். கடல்நீரின் உப்பு ஆயிரத்துக்குச் சுமார் 35 பங்கு. ஆயிரத்துக்கு என்பதன் குறி (‰) மாறி 35 சதவீதம் என்று வந்தால் கடல் படித்தவள் உடனே பிடித்துவிடுவாள். உயிரினப் பெயர்களிலும் கவனம் வேண்டும். அறிவியல் பெயருக்குப் பின்னால் அதைச் சூட்டியவர் பெயரும் ஆண்டும் வரும். ஆவுளியாவுக்கு (கடல்பசு) 1776-இல் பெயரிட்ட முல்லர் அதை வேறு பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதி) வைத்திருந்தார். பின்னால் பேரினம் மாறியதால் அவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும். வெள்ளை அட்டை என்னும் கடல் அட்டைக்கு 1833-இல் யேகர் சொன்ன பேரினமே நிலைத்திருப்பதால் அடைப்புக்குறி கூடாது. ஒரே சீராக இருக்கட்டும் என்று இரண்டுக்கும் குறி போட்டால் அது பிழை.

கஷ்டம் என்று பார்த்தால், தினமும் இத்தனை பக்கம் என்ற கெடுபிடி. பிழைகளை எண்ணி மதிப்பெண் போடுவார்கள். தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் குறைவு. இலக்கணம், மேற்கோள் பட்டியல் போன்றவற்றை இப்போது மென்பொருளே பார்த்துவிடுகிறது; அதோடு நிற்பவருக்கு எதிர்காலம் கிடையாது. கட்டுரையைக் கணினிக்கேற்பக் குறியிட்டு அமைக்கும் எக்ஸ்எம்எல், பக்கம் அமைக்கும் லேடெக் இரண்டையும் முதல் வருடத்திலேயே கற்றுக்கொண்டால் திட்ட மேலாளர் பொறுப்புக்குப் போக வழி உண்டு. பிஎச்.டி. ஆசை இருந்தால் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான ஜே.ஆர்.எஃப். தேர்வைத் தள்ளிப்போட வேண்டாம். வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு இருந்தாலும், களப்பணி விட்டுப்போனால் மறுபடி பிடிப்பது சிரமம்.

சேரும் முன் மூன்றைக் கேளுங்கள்: பாண்ட் (இத்தனை காலம் வேலையை விடக்கூடாது என்ற ஒப்பந்தம்) உண்டா, எத்தனை மாதப் பயிற்சி, பயிற்சி முடிந்ததும் ஒரு நாளைக்கு எத்தனை பக்கம். அசல் சான்றிதழைக் கொடுத்துவைக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே கட்டுரை திருத்தும் வேலை; முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
– வாசகர், தொண்டி

பதில்: கட்டாதீர்கள். திருத்துபவருக்குத்தான் கூலி வரவேண்டும். முறையான இடமென்றால் முதலில் சில பக்கம் கொடுத்துத் திருத்தச் சொல்லிப் பார்ப்பார்கள்.