காந்த நானோ துகளும் புற்றுநோயும்: காரைக்குடிப் பக்கத்துக் கேள்விகள்

கே: காந்தத் துகளோடு மருந்தை ஏற்றி, வெளியே காந்தம் வைத்தால் மருந்து கட்டிக்கே போய்ச் சேருமாமே? அப்பத்தாவுக்குக் கல்லீரலில் கட்டி. (தேவகோட்டை)

ப: தூரம் கூடக் கூடக் காந்தத்தின் இழுவிசை மளமளவென்று குறையும். தோலை ஒட்டிய கட்டிக்கு ஓரளவு பலிக்கலாம். ஆழத்தில் ரத்த ஓட்டம் துகளை அடித்துக்கொண்டு போய்விடும். கல்லீரலுக்குத் துகள் தானாகவே நிறையப் போகும் என்பது உண்மை. ஆனால் அதை விழுங்குவது அங்குள்ள கூப்ஃபர் செல்கள் (ரத்தத்தில் வரும் வேற்றுப்பொருளை விழுங்கும் காவல் செல்கள்), கட்டி அல்ல. 1996-லேயே ஜெர்மனியில் எபிரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை இப்படி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. இதை நம்பி, மதுரையிலோ அடையாறிலோ நடக்கும் சிகிச்சையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கே: காந்தக் காப்பு போட்டால் கட்டி கரையுமா? (பள்ளத்தூர்)

ப: கரையாது. காசு வீண்.

கே: துகளைச் சூடாக்கிக் கட்டியைக் கொல்வது எப்படி? (கானாடுகாத்தான்)

ப: இரும்பு ஆக்சைடு துகளை ஊசியால் நேரே கட்டிக்குள் செலுத்தி, நொடிக்கு சுமார் 1 லட்சம் முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறும் காந்தப் புலத்தில் நோயாளியை வைப்பார்கள். கட்டி 43 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறும்போது, கூடவே கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சை கூடுதலாக வேலை செய்யும். மூளைக் கட்டிக்கு 2010-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு ஆகாது. துகள் தங்கிய இடம் எம்.ஆர்.ஐ.யில் கறுத்துப்போவதால், பிறகு கட்டியைக் கண்காணிப்பதும் சிரமம்.

கே: எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு மேக்னடைட் (காந்தத் தன்மையுள்ள கறுப்பு இரும்பு ஆக்சைடு) துகள் செய்கிறேன். கறுப்புக்குப் பதில் பழுப்பாக வருகிறது. (காரைக்குடி)

ப: பெரும்பாலும் ஃபெரஸ் உப்புதான் காரணம். பாட்டிலைத் திறந்து பாருங்கள்: வெளிர்பச்சையாக இருக்க வேண்டிய ஃபெரஸ் சல்பேட் மஞ்சள் பூத்திருந்தால் காற்றில் கெட்டுவிட்டது. ஃபெரிக், ஃபெரஸ் (இரும்பின் இரு வகை அயனிகள்) விகிதம் 2:1 குலைந்தால் மேக்னடைட் ஒழுங்காக உருவாகாது.

100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் அரை மணி நேரம் நைட்ரஜன் விடுங்கள். ஃபெரிக் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 5.4 கிராம், புதிய ஃபெரஸ் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட் 2.78 கிராம் போட்டு, நைட்ரஜனை நிறுத்தாமல் 70 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். வேகமாகக் கலக்கிக்கொண்டே 25 சதவீத அமோனியாவை pH (அமில-கார அளவு) 10 எட்டும்வரை ஊற்றுங்கள். நம்மூர் வெயிலில் பலமுறை திறந்த அமோனியா பாட்டில் வீரியம் இழந்திருக்கும், மி.லி. கணக்கை நம்பாமல் pH-ஐப் பாருங்கள். ஃபியூம் ஹுட் எனும், ஆவியை வெளியே உறிஞ்சும் ஆய்வகக் கூண்டுக்கு உள்ளேயே செய்யுங்கள்.

காந்தம் வைத்துக் கழுவியபின் அடுப்பில் உலர்த்த வேண்டாம், துகள்கள் கட்டிதட்டிப் பிறகு பிரியாது. ஈரமாக இருக்கும்போதே சிட்ரிக் அமிலப் பூச்சு கொடுங்கள். காந்தத்தருகே உடனே படியாமல் திரவம் முழுக்கக் கறுப்பாகவே நின்றால் பூச்சு பிடித்திருக்கிறது.