ஹப்பிள் எப்படி நட்சத்திரத்தைப் பிடிக்கிறது?

அன்புள்ள ஐயா,
ஹப்பிள் தொலைநோக்கி பற்றிய கட்டுரையில், நிறமாலை (நட்சத்திர ஒளியை நிறங்களாகப் பிரித்த பதிவு) எடுக்கும் முன் கருவி தானே நட்சத்திரத்தைத் தேடி நடுவில் நிறுத்திக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். எந்த நட்சத்திரம் என்று அதற்கு எப்படித் தெரியும்?
ம., கல்லூரி மாணவி

அன்புள்ள ம.,

அதற்குத் தெரியாது. எது பிரகாசம் என்பது மட்டும்தான் தெரியும்.

1997இல் ஹப்பிளில் பொருத்திய, நிறமாலை எடுக்கும் ஸ்டிஸ் (STIS) கருவியையே எடுத்துக்கொள்வோம். நட்சத்திர ஒளி ஒரு குறுகிய பிளவு வழியாகத்தான் அதற்குள் நுழைகிறது. அப்படிப்பட்ட பிளவுகளில் பல 0.1, 0.2 விகலை அகலம்தான். ஒரு டிகிரியை 3600ஆகப் பிரித்தால் கிடைப்பது ஒரு விகலை. வழிகாட்டி நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டு தொலைநோக்கி அசையாமல் நின்றாலும், இலக்கு அவ்வளவு குறுகிய பிளவுக்குள் வந்து விழும் என்ற நிச்சயம் இல்லை.

அதனால் கருவி முதலில் வானில் 5க்கு 5 விகலை அளவுள்ள சதுரத்தைப் படமெடுக்கிறது. சற்றே நகர்த்தி இரண்டு படம். விண்வெளியிலிருந்து வரும் வேகமான துகள்களான காஸ்மிக் கதிர் பட்டு உண்டாகும் பொய்யான ஒளிப்புள்ளி ஒரு படத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு படங்களில் குறைந்த ஒளி அளவை எடுத்துக்கொண்டால் அது போய்விடும். அப்புறம் 3க்கு 3 பிக்சல் கட்டம் ஒன்றைப் படம் முழுக்க நகர்த்துகிறது. எங்கே ஒளி அதிகமோ அதுவே இலக்கு. கட்டத்துக்குள் ஒளியின் மையத்தைக் கணக்கிட்டு, தொலைநோக்கியை அங்கே திருப்புகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த படி. பிளவுகள் ஒரு சக்கரத்தில் இருக்கின்றன. சக்கரம் ஒவ்வொரு முறையும் துல்லியமாக அதே இடத்தில் வந்து நிற்பதில்லை. ஆகவே கருவி உள்ளே விளக்கைப் போட்டு, பிளவையும் படமெடுத்து, அது எங்கே இருக்கிறது என்று அளந்துகொள்கிறது! பிறகு மீண்டும் நட்சத்திரத்தைப் படமெடுத்து, மிச்சமிருக்கும் விலகலைச் சரிசெய்கிறது. மிகக் குறுகிய பிளவு என்றால் இதுவும் போதாது. நட்சத்திரத்தைப் பிளவின் குறுக்கே சின்னச் சின்ன அடியாக நகர்த்தி, ஒளி உச்சமாகும் இடத்தைக் கண்டுபிடிக்கும். கட்டளைகள் முன்கூட்டியே அனுப்பப்பட்டவை. நடுவில் எந்த மனிதரும் பார்த்துச் சரி சொல்வதில்லை.

உங்கள் கேள்வி முக்கியமாவது இங்கேதான். சதுரத்துக்குள் இன்னொரு நட்சத்திரம் கூடுதல் பிரகாசமாக இருந்தால், கருவி அதைத்தான் பிடிக்கும். அப்படிப்பட்ட இடங்களில் வானியலாளர்கள் வேண்டுமென்றே பிரகாசமான அண்டை நட்சத்திரத்தைப் பிடிக்கச் சொல்லி, அங்கிருந்து தெரிந்த தூரத்துக்கு நகரச் சொல்கிறார்கள். பர்னார்ட் நட்சத்திரம் வானில் ஆண்டுக்கு 10 விகலைக்கு மேல் நகர்கிறது. பழைய இடத்தை மட்டும் கொடுத்தால் சில மாதங்களிலேயே அது சதுரத்தைத் தாண்டியிருக்கும். அதனால்தான் ஹப்பிளில் பார்க்க நேரம் கேட்கும் வானியலாளர்கள் இலக்கின் இடத்தோடு, அது எந்த ஆண்டின் கணக்கு, எவ்வளவு நகர்கிறது என்பதையும் எழுதித் தருகிறார்கள்.